நங்கூரம் பிடிக்கவில்லையா? புதிது வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

கோவையிலும் திருப்பூரிலும் தொழிலை வைத்துக்கொண்டு, கொச்சியில் பாய்மரப் படகை நிறுத்தியிருப்பவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கோவையிலிருந்து வாளையார் வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர் போனால்தான் நமக்குக் கடல். நங்கூரத்தைப் பற்றி நம் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, 15 கிலோ போட்டிருக்கேன், இழுத்துட்டே போகுதுங்க. 25 கிலோ வாங்கிப் போட்டா நின்னுக்குமுங்களா?"

நிற்கலாம், நிற்காமலும் போகலாம். 6 டன் படகை 25 கிலோ இரும்பு பிடித்து வைக்காது. பிடிப்பது மண். நங்கூரத்தின் வேலை மண்ணுக்குள் இறங்கி அங்கேயே இருப்பது. ஏன் இறங்கவில்லை, இறங்கியது ஏன் வெளியே வந்தது என்பதற்குக் காரணங்கள் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. எடையைக் கூட்டுவது அதில் ஒன்றுதான், அதுவும் கடைசியில் வருவது. கீழே சொல்வதெல்லாம் 33 முதல் 36 அடி நீளமும் 6, 7 டன் எடையும் உள்ள படகை மனதில் வைத்துச் சொல்வது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் அடியில் என்ன மண் என்று தெரிய வேண்டும். கடல் வரைபடத்தில் ஆழ எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துகள் இருக்கும். எம் என்றால் சேறு, எஸ் என்றால் மணல், சி ஒய் என்றால் களி, ஆர் என்றால் பாறை, சி ஓ என்றால் பவளம். வரைபடத்தை மட்டும் நம்பாமல் ஒரு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி, அடியில் கிரீஸ் தடவி இறக்கிப் பாருங்கள். மேலே வரும்போது கிரீஸில் மணல் ஒட்டியிருக்கும், அல்லது கருஞ்சேறு பூசியிருக்கும், அல்லது சிப்பித்தூள் இருக்கும். ஒன்றுமே ஒட்டாமல் கிரீஸ் நசுங்கி மட்டும் வந்தால் கீழே பாறையோ இறுகிய தரையோ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை, எந்தக் கருவியை விடவும் நம்பகமானது.

அறிகுறி 1: தரையைத் தொடுகிறது, ஆனால் கவ்வவே இல்லை

ரிவர்ஸில் மெதுவாக இழுக்கும்போது சங்கிலி விறைக்கிறது, தொய்கிறது, மறுபடி விறைக்கிறது. கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால் கோடு விலகிக்கொண்டே போகிறது. இப்போது விண்ட்லாஸுக்கு, அதாவது சங்கிலியைச் சுருட்டும் இயந்திரத்துக்கு, முன்னால், விரல் சிக்காத இடத்தில், சங்கிலி மேல் உள்ளங்கையை வையுங்கள். கடகடவென்று அதிர்ந்தால் நங்கூரம் கல்லின் மேலோ கெட்டித்தரையிலோ தத்திக்கொண்டு வருகிறது. அதிர்வே இல்லாமல் வழுவழுவென்று நகர்ந்தால் சேறு. விட்டுவிட்டு ஒரு பிடி, ஒரு நழுவல் என்று வந்தால் பெரும்பாலும் பாசி அல்லது கடற்புல்.

அதிர்வு எதுவாக இருந்தாலும் முதலில் சரிபார்க்க வேண்டியது விட்ட சங்கிலியின் நீளம். இங்கேதான் பத்தில் பல புகார்கள் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். முழுச் சங்கிலி என்றால் ஆழத்தைப்போல் 5 மடங்கு, கயிறும் சங்கிலியும் கலந்தது என்றால் 7 மடங்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த ஆழம்? கருவி 4 மீட்டர் காட்டுகிறது, 5 மடங்கு, 20 மீட்டர் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். சங்கிலி புறப்படுவது தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, படகின் முன்மூக்கிலிருந்து. அதற்கு 1 மீட்டர் சேருங்கள். இனி ஏறப்போகும் ஓதத்துக்கு, அதாவது கடல் ஏற்றத்துக்கு, ஒரு மீட்டர் சேருங்கள். மொத்தம் 6 மீட்டர். அப்படியானால் 30 மீட்டர் விட வேண்டும். 20 மீட்டர் விட்டவர் உண்மையில் விட்டது மூன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆழம் காட்டும் கருவியின் சென்சார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த இடைவெளியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கடலுக்குப் போகாமலே பார்க்கலாம். தாராபுரம், கரூர்ப் பக்கம் அமராவதியில் ஈர மணல் கிடைக்கும் இடத்துக்கு, ரப்பர் படகுக்குப் போடும் சின்ன நங்கூரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அதில் நாலைந்து மீட்டர் கயிறு கட்டி, கையைத் தரையோடு தரையாக வைத்துக் குனிந்து இழுங்கள். நுனி குத்தி, மணல் இரண்டு பக்கமும் பிளந்து, ஒரு சில அடி தூரத்துக்குள் அலகு, அதாவது மண்ணைக் குத்தும் தகடு, மறைந்துவிடும். அப்புறம் ஒருவர் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. இப்போது அதே நங்கூரத்தை வெளியே எடுத்து, நிமிர்ந்து நின்று, கயிற்றைக் குறுக்கிப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து இழுங்கள். கயிறு கட்டிய தண்டு மேலே தூக்கும், நுனி கிளம்பும், மணல் மேல் ஒரு கீறலைப் போட்டுவிட்டு நங்கூரம் உங்கள் பின்னாலேயே வந்துவிடும். அதே நங்கூரம், அதே மணல், மாறியது இழுக்கும் கோணம் மட்டும். கலப்பை ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: மேழியை அமுக்கினால் கொழு மேலே வரும், தூக்கிப் பிடித்தால் ஆழமாக இறங்கும். பழைய சி கியூ ஆர் நங்கூரத்தின் வடிவமே கலப்பைதான். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் 1933இல் அதை வடிவமைத்தது தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்காக.

நீளம் சரியாக இருந்தும் கவ்வவில்லையா? போட்ட விதத்தைப் பாருங்கள். நங்கூரத்தை வீசி, அதன் தலைமேலேயே சங்கிலியைக் கொட்டினால் சிக்கிக்கொள்ளும். தரையைத் தொடும் வரை இறக்கி, படகு பின்னோக்கி நகர ஆரம்பித்ததும் சங்கிலியை நகர்வுக்கேற்ப விட வேண்டும். 3 மடங்கு போனதும் ஒரு முறை லேசாகப் பிடித்து நுனியைக் குத்த வைத்து, மீதியை விட்டு, அப்புறம்தான் ரிவர்ஸ். ரிவர்ஸும் முதலில் ஐடிலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அரை நிமிடம் அப்படியே. கரையில் பார்த்துவைத்த கோடு விலகாமல் நின்றால் கவ்விவிட்டது.

இதெல்லாம் செய்தும் அதிர்ந்துகொண்டே வந்தால், அது கெட்டித்தரை. நுனி கூர்மையாகவும், எடை நுனிப்பக்கம் விழும்படியும் உள்ள வடிவம் வேண்டும். கடற்புல் என்றாலும் அப்படித்தான். புல்லுக்கு நடுவே மணல் திட்டு வெளிறித் தெரியும், அதில் போடுவது இன்னும் நல்லது. பாறை என்றால் பழைய கால மீனவர் நங்கூரம், இரண்டு கொக்கியும் குறுக்குக் கழியும் உள்ளது, இன்றைக்கும் அதற்கு ஈடு குறைவு. பவளத்தின் மேல் எந்த நங்கூரமும் போடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம். சட்டம் இல்லாவிட்டாலும், பல பத்தாண்டுகள் வளர்ந்ததை ஒரு இரவுத் தூக்கத்துக்காக உடைப்பது நியாயம் இல்லை.

அறிகுறி 2: கவ்வியது போல் இருக்கிறது, ஆனால் மெல்ல மெல்ல நழுவுகிறது

கொச்சிக் காயலில் இது சகஜம். அடியில் இளஞ்சேறு. ஐடிலில் நிற்கிறது, கொஞ்சம் வேகம் கூட்டினால் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி சத்தமில்லாமல் வருகிறது. சங்கிலியில் அதிர்வே இருக்காது. தூக்கிப் பார்த்தால் தண்டு முழுக்க வழவழவென்று சேறு.

இதற்கு முதல் மருந்து பொறுமை. போட்டவுடன் இழுக்காதீர்கள். சங்கிலியை விட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். நங்கூரம் தன் எடையில் அமிழும், கலங்கிய சேறு அதைச் சுற்றி இறுகும். அப்புறம் மெதுவாக இழுத்துப் பார்த்தால் நிறைய நேரம் நின்றுவிடும்.

அப்படியும் நிற்காவிட்டால் அலகின் பரப்பு போதவில்லை. இங்கே எடை உதவாது, அகலம்தான் உதவும். டான்ஃபோர்த் வகை, அதாவது இரண்டு தட்டையான அலகுகள் கீலில் மடங்கும் நங்கூரம், சேற்றுக்கும் மணலுக்கும் என்றே பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் கரையிறங்கும் படகுகளைப் பின்னால் இழுத்து மீட்க அதைப் பயன்படுத்தினார்கள். அதே வடிவத்தில் அலுமினியக் கலவையில் வரும் ஃபோர்ட்ரெஸ், 33 முதல் 38 அடிப் படகுக்கான அளவு, வெறும் 4.5 கிலோ. ஒரு கையில் தூக்கிவிடலாம். அதன் அலகுக் கோணத்தை 32 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு மாற்றிப் பூட்டலாம். 32 மணலுக்கு, 45 இளஞ்சேற்றுக்கு. சேற்றில் 32இல் வைத்துவிட்டு "பிடிக்கவில்லை" என்று சொல்வதும், 45இல் வைத்து மணலில் போட்டு "புரள்கிறது" என்று சொல்வதும் நடக்கும். போடும் முன் கோணத்தைப் பாருங்கள்.

அறிகுறி 3: சாயங்காலம் நன்றாகப் பிடித்தது, நடுராத்திரியில் விட்டுவிட்டது

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான அறிகுறி, ஏனென்றால் ஆள் தூங்கும்போது நடப்பது. நங்கூரம் நல்லதா இல்லையா என்பது போட்டவுடன் பிடிப்பதில் தெரியாது. இழுப்பு திரும்பும்போது தெரியும்.

கேரளக் கரையில் மத்தியானம் கடலிலிருந்து காற்று வரும், ராத்திரி கரையிலிருந்து கடலுக்குப் போகும். அதோடு காயலில் ஏற்றமும் வற்றமும் மாறும்போது நீரோட்டம் நேர் எதிராகத் திரும்பும். மேற்கே பார்த்து நின்ற படகு கிழக்கே பார்த்து நிற்கும். அப்போது நங்கூரத்தின் தண்டு 180 டிகிரி திருப்பி இழுக்கப்படுகிறது. அது என்ன செய்யும்? மண்ணுக்குள் இருந்தபடியே மெல்லத் திரும்பினால் நல்லது. பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, புரண்டு, மறுபடியும் குத்திக்கொண்டால் பரவாயில்லை. வெளியே வந்து குத்தாமல் போனால் காலையில் நீங்கள் அடுத்தவர் படகின் மேல்தான் இருப்பீர்கள்.

எதனால் குத்தாமல் போகிறது என்று தெரிந்துகொள்ள, தூக்கியதும் கழுவிவிடாமல் பாருங்கள். சேறு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் சாட்சி. அலகின் குழிவில் தலையளவு களிமண் கட்டி உட்கார்ந்திருந்தால், பிடுங்கியபோது மண்ணோடு வந்து, எடை மாறி, நுனி கீழே போக வழியில்லாமல் கட்டியின் மேலேயே உருண்டிருக்கிறது. கெட்டிக் களியில் எந்த நங்கூரத்துக்கும் இது நடக்கலாம். மாற்று மருந்து, திசை மாறும் நேரத்தில் எழுந்து பார்ப்பதும், இடம் மாற்றுவதும். டான்ஃபோர்த் வகையில் கீலைப் பாருங்கள். ஒரு சிப்பி, ஒரு கூழாங்கல், ஒரு தென்னை மட்டைத் துண்டு அங்கே செருகியிருந்தால் அலகு மடங்காமல் ஒரு பக்கமாகவே நின்றிருக்கும். நேர் இழுப்பில் மிக வலுவாகப் பிடிக்கும் அந்த வகைக்கு, திரும்பும் இழுப்பு பலவீனம். அதனால்தான் அதை இரண்டாவது நங்கூரமாக வைக்கச் சொல்வேன், தனியாக நம்பச் சொல்லமாட்டேன். சி கியூ ஆரில் அலகு முழுக்க ஒரு பக்கம் மட்டும் சேறு பூசியிருந்தால், அது படுத்த வாக்கிலேயே உழுதுகொண்டு வந்திருக்கிறது.

வாங்கும் கேள்விக்கு இங்கேதான் விடை. 1970களில் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்காக வந்து படகுகளுக்கும் இறங்கிய புரூஸ் வகை, மூன்று விரல் உள்ளது, எளிதில் கவ்வும், திரும்பினால் மறுபடி கவ்வும். ஆனால் அதே எடைக்குப் பிடிமானம் குறைவு. அதற்கப்புறம் வந்தவைதான் குழிந்த ஒற்றை அலகுள்ள புதிய தலைமுறை. பிரான்சில் 1990களில் வந்த ஸ்பேடு, நுனிக்குள் ஈயம் வைத்தது. நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் 2004இல் கொண்டுவந்த ராக்னா, பின்னால் வளைந்த குழாய் உள்ளது. எப்படி விழுந்தாலும் அந்த வளைவு உருட்டி நுனியைக் கீழே கொண்டுவரும். இந்த இரண்டு வழியில் ஏதாவது ஒன்றுள்ள நங்கூரத்தை முதல் நங்கூரமாக வையுங்கள். நம் அளவுப் படகுக்கு 20 கிலோ. தயாரிப்பாளர் அட்டவணையில் 15க்கும் 20க்கும் எல்லையில் படகு நின்றால் கண்ணை மூடிக்கொண்டு 20. எடை கூடுவதால் அல்ல, அலகின் பரப்பு கூடுவதால். கூட ஒரு அலுமினிய ஃபோர்ட்ரெஸைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவைத்தால் கொச்சிச் சேற்றுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் ஆகும். வாங்குவதற்கு முன் படகின் முன்மூக்கு ரோலரில் அந்த வளைவுக் குழாய் இடிக்காமல் உட்காருமா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 4: நங்கூரம் நிற்கிறது, படகு நிற்கவில்லை

படகு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் டங் என்று ஒரு வெட்டு. இது நங்கூரத்தின் குற்றம் இல்லை, ஆனால் கவனிக்காவிட்டால் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். சங்கிலி தொய்வாக இருக்கும் வரைதான் அதிர்ச்சியைத் தாங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் தொய்ந்து கிடந்த சங்கிலி 30 நாட் காற்றில் கம்பி மாதிரி விறைத்துவிடும். பிறகு ஒவ்வொரு அலையும் நேராக நங்கூரத்தைக் குத்தும்.

12 அல்லது 14 மில்லிமீட்டர் நைலான் முறுக்குக் கயிறு 8, 10 மீட்டர் எடுத்து, ஒரு முனையைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையைப் படகின் கிளீட்டில், அதாவது கயிறு கட்டும் கொம்பில், கட்டி, இழுப்பு முழுக்கக் கயிற்றுக்கு வரும்படி சங்கிலியைக் கொஞ்சம் தளர விடுங்கள். நைலான் நீளும், வெட்டு போய்விடும், விண்ட்லாஸும் பிழைக்கும். பாலியெஸ்டர் கயிறு அவ்வளவாக நீளாது, அது இதற்கு ஆகாது. முன்மூக்கில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய் ஒரு துண்டு செருகிவிடுங்கள்.

அறிகுறி 5: தண்டு வளைந்து வந்தது, சங்கிலி விண்ட்லாஸில் தாவுகிறது

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. பவுண்டரியும் லேத்தும் வெல்டிங் பட்டறையும் தெருவுக்கு நான்கு இருக்கும் ஊரில், இதென்ன பெரிய விஷயம், ஒன்றைப் பார்த்து நாமே அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இரும்பில். நல்ல நங்கூரத்தின் தண்டு அதிக வலுவுள்ள உயர்தர எஃகுத் தகடு. நேராக இழுக்கும்போது மைல்ட் ஸ்டீலும் தாங்கும். அலகு மண்ணில் ஆழப் பதிந்திருக்க, படகு பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் தண்டு வளையும். வடிவத்தை நகலெடுத்து, பத்து மில்லிமீட்டர் தகடு கையில் இருந்தது என்று அதிலேயே வெட்டினால், முதல் திருப்பத்தில் வாழைப்பழம். அடித்தே ஆக வேண்டும் என்றால் தகட்டின் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், நுனியின் எடையை மூலத்தோடு தராசில் வைத்துப் பாருங்கள். வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவதும் வேண்டாம். எஃகின் வலு அந்தச் சூட்டில் போய்விடும்.

ஒன்றை மட்டும் நம் பக்கமே தாராளமாகச் செய்துகொள்ளலாம்: துத்தநாகம் தேய்ந்து செந்துரு தெரியும் நங்கூரத்தையும் சங்கிலியையும் ஹாட் டிப் கால்வனைசிங் கொடுப்பது. பெயின்ட், எலக்ட்ரோ பூச்சு இரண்டும் ஒரு பருவம்கூடத் தாங்காது. கொடுக்கும் முன் சங்கிலியில் கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் சங்கிலி அந்த இடத்தில் 7க்கு வந்திருந்தால் பூச்சு பூசி ஏமாறாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

விண்ட்லாஸில் சங்கிலி தாவினால் கண்ணியின் அளவு பொருந்தவில்லை. 10 மில்லிமீட்டர் சங்கிலியில் இரண்டு தரம் உண்டு. ஜெர்மன் தரமான டின் 766இல் கண்ணியின் உள்நீளம் 28 மில்லிமீட்டர், ஐஎஸ்ஓ 4565இல் 30. கையில் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். விண்ட்லாஸ் சக்கரத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சங்கிலிக்கும் நங்கூரத்துக்கும் நடுவே மாட்டும் சுழலும் ஸ்விவல் பல படகுகளுக்குத் தேவையே இல்லை. சங்கிலியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அதுதான் பலவீனமான கண்ணி. பின் போட்டுப் பூட்டும் யு வடிவ வளையமான ஷாக்கிள், நல்லதாக ஒன்று போதும், அதன் பின்னைக் கம்பியால் இறுகக் கட்டி.

அறிகுறி 6: மேலே வர மறுக்கிறது

விண்ட்லாஸை முக்க வைக்காதீர்கள். சங்கிலி நேர் செங்குத்தாக வரும் வரை சுருட்டி, கிளீட்டில் கட்டி, சும்மா இருங்கள். ஆழப் பதிந்ததாக இருந்தால் அலை ஏறி இறங்கும்போது தானே உருவிக்கொள்ளும். பாறையிடுக்கிலோ மூழ்கிய கேபிளிலோ மாட்டியிருந்தால் வராது. போட்ட திசைக்கு எதிர்த்திசையில் படகை மெதுவாக ஓட்டி இழுத்துப் பாருங்கள்.

மீன்வலையும் பழைய சங்கிலியும் கிடக்கும் துறைமுகத்தில் போடும்போதே நங்கூரத்தின் தலைப்பக்கம் உள்ள துளையில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, ஆழத்தைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு, நுனியில் மிதவை மாட்டிவிடுங்கள். அந்தக் கயிற்றை இழுத்தால் நங்கூரம் போன வழியே பின்னோக்கி வரும். கூட்டமான இடத்தில் மிதவை அடுத்த படகின் புரொப்பெல்லரில் சுற்றும், அங்கே வேண்டாம்.

எதற்கும் மசியவில்லை, காற்றும் ஏறுகிறது என்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதற்குத்தான் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் படகில் ஷாக்கிளால் பூட்டாமல் நைலான் கயிற்றால் கட்ட வேண்டும். அந்தக் கயிறு சங்கிலி முழுக்க வெளியே போனதும் டெக்கின் மேலே வரும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் ஒரு மிதவையைச் சங்கிலியில் கட்டி, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று தணிந்ததும் முக்குளிப்பவரை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.